எறும்பு மட்டும்தான் நடக்கிறதா?

நான் நர்சிங் படித்தது எறும்புக்குச் சர்க்கரை வைப்பதற்காக இல்லை. இதைச் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. வரட்டும். பத்து மாதமாகக் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். முப்பத்திரண்டு கட்டில், இரண்டு குளியலறை, கட்டுப் போடும் அறை, சமையற்கட்டுக்குப் போகிற நடை, இத்தனை இடத்திலும் சுவரோரமாக ஒரு சிட்டிகை சர்க்கரை. அதில் தடப்பொடி கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள். எறும்பு தின்றாலும் கரப்பான் மிதித்தாலும் ஈ உட்கார்ந்து எழுந்தாலும் அது ஒட்டிக்கொள்ளும். கூரையில் பதித்திருக்கும் கருவிகள் அந்தத் துகள் போகிற இடமெல்லாம் பின்தொடர்ந்து, மூலையில் இருக்கிற திரையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டும். இதற்குப் பெயர் தடம். இயந்திரத்தின் பெயரும் அதுதான், எங்கள் தலைவலியின் பெயரும் அதுதான்.

எல்லாம் அடங்காப்பிடாரிக்காக. அந்தக் கிருமிக்கு ஒரு முழ நீளத்துக்கு லத்தீன் பெயர் உண்டு. எந்த மருந்துக்கும் அடங்காததால் எங்கள் வார்டு வைத்த பெயர் இது. ஐந்து வருடத்துக்கு முன்பு வரை கடைசி மருந்து என்று ஒன்று கையில் இருந்தது. இப்போது அதுவும் கேட்பதில்லை. உடம்பில் தெம்பு இருப்பவர்கள் பிழைக்கிறார்கள், இல்லாதவர்கள் போய்ச் சேருகிறார்கள். பூச்சிகள் அதைக் கட்டிலுக்குக் கட்டில் சுமந்து போவது உண்மைதான். ஆறாம் கட்டில்காரரின் புண்ணில் மொய்த்த எறும்பு வரிசை, சுவரேறி ஏழாம் கட்டில் தலையணைக்கு இறங்கியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல். அதனால் தடம் வந்தபோது முதலில் கைதட்டியவள் நான்தான். தொற்றும் பாதியாகக் குறைந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எஸ்தருக்கு இயந்திரம் என்றாலே ஆகாது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எனக்கு ஆகாதது அதனோடு வந்த விதி. எந்த நோயாளியின் உடம்பிலிருந்து பூச்சி முதலில் கிருமியை எடுத்தது என்று இயந்திரம் கண்டுபிடித்துச் சொல்லும். அவருக்குப் பெயர் 'தொடக்கம்'. தொடக்கம் என்று முத்திரை விழுந்தவரை மறுநாள் மாலை நான்கு மணிக்குள் ஓரக் கட்டடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அது எங்கள் வேலாயுதம் நினைவு மருத்துவமனை வளாகத்தின் தென்கோடியில் இருக்கிறது. முன்பு துணி வெளுக்கிற கூடம். கம்பிக் கதவு, இருபது கட்டில், இரண்டு நர்ஸ், வாரத்துக்கு ஒரு தடவை வாசல்வரை வந்து சீட்டைப் பார்த்துவிட்டு ஓடுகிற ஒரு டாக்டர். அறுபது நாள் இருக்க வேண்டும். இந்தப் பத்து மாதத்தில் எங்கள் வார்டிலிருந்து போனவர்கள் பதினான்கு பேர். திரும்பி நடந்து வந்தவர்கள் ஐந்து பேர்.

அந்த வியாழக்கிழமை காலை திரையில் ஒன்பதாம் கட்டில் சிவப்பாக மாறியது.

ஒன்பதில் இருந்தது செண்பகவல்லி. இருபத்து மூன்று வயது. குடல்வால் வெடித்து வந்தவள். அறுவை முடிந்து ஐந்தாம் நாள். பிறந்து நாற்பதே நாளான பெண்குழந்தை ஒன்று, பாலுக்கு அழுதுகொண்டே இருக்கும். அவள் புருஷன் இசக்கிராஜ் சுமைவண்டி ஓட்டுகிறவன். அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டு வாசலில் நாள் முழுக்க நடந்துகொண்டிருப்பான்.

தடத்தைப் பார்த்துக்கொள்ள நிறுவனம் அனுப்பி வைத்திருக்கும் ஆள் கௌதமன், கோயம்புத்தூர்க்காரர். மரியாதையான ஆள்தான். அந்த மரியாதையே சில நேரம் எனக்கு எரிச்சலைக் கிளப்பும்.

"சிஸ்டர், ஒன்பதாம் கட்டில்தானுங்க தொடக்கம். அங்கிருந்துதான் பன்னெண்டுக்கும் பதினாலுக்கும் எறும்பு போயிருக்குது. நாளைக்கு நாலு மணிக்குள்ள..."

"அந்தப் புள்ளைக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"வீட்லருந்து கொண்டு வந்திருப்பாங்கன்னு இயந்திரம் சொல்லுதுங்க."

"ஆமா, அவ வீட்ல இத டப்பாவுல போட்டு வச்சிருந்தா, வரும்போது எடுத்துட்டு வந்தா! கௌதமன், இது ஆஸ்பத்திரியில மட்டும் வாழுத கிருமி. மூணாம் நாள் நான் கட்டுப் பிரிக்கும்போது அவ புண்ணு ரோஜாப்பூ மாதிரி சுத்தமா இருந்துச்சு. நாலாம் நாள் சீழ். வீட்லேருந்து வந்துச்சாம்ல!"

"நான் சொல்லலைங்க. இயந்திரம் சொல்லுதுங்க."

"சரி, உள்ள போன எறும்ப எடுங்க."

ஒவ்வொரு கட்டில் பக்கத்துச் சுவரிலும் இரண்டு பிசின் அட்டை ஒட்டியிருக்கும். ஒன்று கட்டிலை நோக்கி வருகிற பூச்சிக்கு, இன்னொன்று விட்டுப் போகிற பூச்சிக்கு. ஒட்டிய பூச்சியின் காலில் என்ன கிருமி என்று அட்டையே சொல்லிவிடும். கௌதமன் ஒரு வாரத்து அட்டைகளைத் திரையில் வரிசையாகப் போட்டார். ஒன்பதை விட்டுப் போன எறும்பின் காலில் அடங்காப்பிடாரி இருந்தது. ஒன்பதுக்கு வந்த எறும்பு ஒன்றின் காலிலும் இல்லை.

"பாத்தீங்கள்லா? வந்த எறும்பு எல்லாம் சுத்தம். அப்போ அவளுக்குக் கொண்டு வந்தது எறும்பு இல்ல."

"அதனாலதானுங்க அவங்க தொடக்கம்னு..."

"அட கடவுளே! எறும்பு கொண்டு வரலன்னா வேற ஏதோ கொண்டு வந்திருக்குன்னு அர்த்தம். இந்த வார்டுல எறும்பு மட்டும்தான் நடக்குதா? டாக்டர் நடக்கல? ஹவுஸ் சர்ஜன் பயலுவ ஒரு கையில செல்போனும் ஒரு கையில ஸ்டெத்துமா நடக்கல? நான் நடக்கல? எங்க கோடு எல்லாம் எங்க?"

கௌதமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சொல்லுங்க. பொடி எங்க கையிலயும் காலுலயும் ஒட்டத்தான செய்யும்?"

"ஒட்டுமுங்க."

"அப்போ திரையில ஏன் வரல?"

"மனுஷங்க தடம் வந்தா இயந்திரம் தானாவே அழிச்சுருமுங்க. அப்படித்தான் அமைச்சிருக்குது." குரலைத் தாழ்த்தினார். "முதல்ல செஞ்ச இயந்திரம் எல்லாரையும் காட்டுச்சுங்க சிஸ்டர். ஒரு ஆஸ்பத்திரியும் வாங்கலை. டாக்டருங்க தடத்தைக் காட்டற இயந்திரம் எங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பூச்சியை மட்டும் காட்டுனா வாங்கிக்கறோம்னாங்க. பூச்சிக்குத்தான் சங்கம் இல்லீங்களே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் திரையைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். பத்து மாதம்! பத்து மாதமாகக் குனிந்து குனிந்து சர்க்கரை வைத்து என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

ஒன்பதாம் கட்டிலுக்குப் போனேன். செண்பகவல்லிக்குச் செய்தி அதற்குள் போயிருந்தது. வார்டில் நல்ல செய்தி போகத்தான் நேரமாகும். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சிஸ்டரம்மா, அங்க பிள்ளையக் கொண்டுபோக விடமாட்டாவளாம்லா?"

"விடமாட்டாங்க."

"அறுபது நாளு பிள்ளைக்கு யாரு பால் குடுப்பா? எனக்குத் தாயும் இல்ல, மாமியாரும் இல்ல." அழவில்லை, கணக்குப் போடுவது மாதிரி கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அங்க போனவுக திரும்ப மாட்டாவன்னு பக்கத்துக் கட்டில் அக்கா சொல்லுதா. நெசமா?"

"அவளுக்கு வாய் நீளம். நீ பேசாம படு. நாளைக்கு நாலு மணிக்குத்தான. அதுக்குள்ள நான் பாக்கேன்."

என்னத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் யார் மேல் சந்தேகப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹவுஸ் சர்ஜன்கள் மூன்று பேர், படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்தவர்கள். புண்ணைத் தொட்ட உறையோடு செல்போனை எடுத்துப் பார்க்கிற ஜென்மங்கள். நான் கத்தாத நாள் கிடையாது. என் குரலைக் கேட்டாலே உறையை மாட்டுவார்கள், நான் அந்தப் பக்கம் திரும்பினால் கழற்றுவார்கள்.

எங்கள் வார்டில் கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது. அதில் சுடலையாண்டி என்கிற பெரியவர் மூன்று வாரமாக அடங்காப்பிடாரியோடு கிடக்கிறார். வார்டில் படுத்திருந்தபோது அவருக்கு எறும்பு கொண்டு வந்தது நிரூபணமாகிவிட்டதால் அவர் தொடக்கம் இல்லை, ஓரக் கட்டடத்துக்குப் போகவில்லை. அந்த அறைக்குள் எறும்பு நுழைய முடியாது, வெளியே வரவும் முடியாது. ஆகையால் இயந்திரத்தைப் பொறுத்தவரை அப்படி ஓர் அறையே இல்லை. ஆனால் காலை ரவுண்ட்ஸ் அங்கிருந்துதான் தொடங்கும். வாசலில் எல்லோரும் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போவோம். வரும்போது கழற்றி மஞ்சள் தொட்டியில் போடுவோம். பிறகு வார்டு.

"கௌதமன், நாளைக்குக் காலைல ஒன்பதரையிலேருந்து பத்தேகால் வரைக்கும் அந்த அழிக்கிற வேலைய நிப்பாட்டி வைங்க."

"சிஸ்டர், என் வேலை போயிருமுங்க."

"போனா எங்க வார்டுலயே எறும்புக்குச் சர்க்கரை வைக்கிற வேலைக்குச் சேத்துக்கிடுதேன். கௌதமன், அந்தப் பிள்ளைக்கு நாப்பது நாளு."

அவருக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதைச் சொன்னேன். நியாயமில்லைதான். வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சுடலையாண்டியின் போர்வையிலும் மணிக்கட்டிலும் தடப்பொடியைத் தாராளமாகத் தூவினேன். என்னவென்று கேட்டார். பவுடர் என்றேன். ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸ் வந்தது. முன்னால் எங்கள் தலைமை டாக்டர் நல்லசிவன், பின்னால் மூன்று ஹவுஸ் சர்ஜன்கள், இளைய நர்ஸ் ஒருத்தி, நான். ஆறு பேர்.

டாக்டர் நல்லசிவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைராசிக்காரர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவர் தொட்டால் காய்ச்சல் இறங்கும், அவர் தைத்தால் புண் ஆறும். பத்து மைல் தள்ளிப் பெரிய மருத்துவமனை இருந்தும் இங்கே ஏன் வருகிறார்கள் என்றால் அந்தக் கைக்காகத்தான். அவர் உறை மாட்டி வந்தால் நோயாளிகளுக்கு முகம் வாடிவிடும். "உறை போட்டுத் தொட்டா ராசி வராதே ஐயா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கழற்றிவிடுவார். நெற்றியில் கை வைப்பார், மணிக்கட்டைப் பிடிப்பார், சிலர் கட்டையே அவிழ்த்துக் காட்டி இங்கே தொடுங்கள் என்பார்கள், அங்கேயும் தொடுவார். ஹவுஸ் சர்ஜன்களில் ஒருவர் ஒரே ஒரு விரலை உறை இல்லாமல் நீட்டினால் வார்டே அதிரும்படி கத்துகிற நான், அவரிடம் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. பதினாறு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்குக் குடல் முறுக்கிக்கொண்டு, இனி ஆவதற்கு ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் சொன்னபோது, அறுவை செய்துவிட்டு ஒரு மத்தியானம் முழுக்க அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் இவர். வீட்டுக்காரர் பிழைத்தார். மற்றவர்களைப் போல நானும்தான் அந்தக் கையை நம்பினேன்.

ரவுண்ட்ஸ் வழக்கம்போல் முடிந்தது. நான் ஹவுஸ் சர்ஜன்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பத்தேகாலுக்குக் கௌதமனின் மூலைக்கு ஓடினேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஆறு தடங்கள் கிளம்பியிருந்தன. ஐந்து தடங்கள் வாசலில் இருக்கும் மஞ்சள் தொட்டிக்குள் போய் நின்றுவிட்டன. பொடி உறையோடு போயிற்று. ஹவுஸ் சர்ஜன்கள் மூன்று, இளைய நர்ஸ், நான். எல்லோரும் சுத்தம். ஆறாவது கோடு மட்டும் தொட்டியைத் தாண்டி வார்டுக்குள் வந்தது. முதல் கட்டிலில் ஏறி இறங்கியது. இரண்டாம் கட்டில், மூன்றாம் கட்டில், ஒன்றையும் விடவில்லை. பதினான்காம் கட்டிலில் தலைமாட்டில் நின்றது. ஒன்பதாம் கட்டிலில் அடிவயிறு இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. இயந்திரத்துக்குப் பூச்சியைத் தவிர வேறொன்றும் தெரியாது அல்லவா? கோட்டுக்குக் கீழே எழுதியிருந்தது: 'கரப்பான். ஒன்று. அளவு கணிக்க முடியவில்லை.'

"சிஸ்டர், இது யாருங்க?" என்றார் கௌதமன். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஒன்பதில் அடிவயிற்றைத் தொட்டவர் யாரென்று நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். புண்ணைக் காட்டிச் செண்பகவல்லி கும்பிட்டாள். "ஐயா, நீங்க தொட்டா எனக்குச் சரியாப் போவும், என்னைய அங்க அனுப்பமாட்டாவ" என்றாள். மூன்றாம் நாள் காலையிலும் அப்படித்தான் கும்பிட்டாள், அன்றும் அவர் அப்படித்தான் தொட்டார். நான்தான் கட்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.

ஆத்திரப்பட ஓர் ஆள் கிடைக்க வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். கிடைத்த ஆள் மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை. அதனால் என் மேலேயே வந்தது.

மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்து, தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பிக்கிற நேரம்.

"வா எஸ்தர். சாப்ட்டியா?"

"இல்ல சார். இதக் கொஞ்சம் பாருங்க."

கௌதமன் கோட்டை ஏற்றிக் கொடுத்த கைக்கணினியை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா! இது என்ன கரப்பானா? முப்பத்திரண்டு கட்டிலும் ஏறி இறங்கியிருக்கு! மருந்து அடிக்கிற ஆளுவள இன்னைக்கே வரச் சொல்லு. என்னத்த வேல பாக்கானுவ?"

"சார், மணியப் பாருங்க."

பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்து. கண்ணாடி அறை. விரலால் கோட்டின் மேலேயே மெதுவாக வந்தார். ஒன்பதாம் கட்டிலில் விரல் நின்றது. தயிர்சாதத்தின் பக்கம் போயிருந்த மறு கை அப்படியே பாத்திரத்தின் மேல் நின்றது.

"இது ரவுண்ட்ஸ் நேரம்லா" என்றார்.

"ஆமா சார்."

"மித்தவங்க கோடு?"

"தொட்டியோட நின்னுட்டு சார். உறையோட போயிட்டு."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி, "நான் கையக் கழுவிட்டுத்தானம்மா உள்ள வாறேன்" என்றார்.

"ஒரு தடவ கழுவுதீங்க சார். முப்பத்திரண்டு பேரத் தொடுதீங்க."

"உறை போட்டா அழுதாங்க எஸ்தர். சுடலையாண்டியும்தான். நீயும் பாத்திருக்கேல்ல?"

"பாத்திருக்கேன் சார்."

"நீ ஊரையே அந்தக் கத்துக் கத்துவ. எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையேம்மா."

"சொல்லல சார். சொல்லியிருக்கணும். உங்க கைய நானும் அப்படித்தான நெனச்சேன்."

அவர் பாத்திரத்தை மூடினார். "போன பதினாலு பேரு?" என்று கேட்டார்.

பதினான்கு பேரின் முகமும் எனக்கு ஞாபகம் இருந்தது. எல்லோரையும் நான்தான் தள்ளுவண்டியில் ஏற்றி விட்டேன்.

கையை நீட்டினார். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் பஞ்சால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. அடங்காப்பிடாரி.

அதற்குள் நிர்வாகத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் அவர்கள் பேசியது எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள், அப்படி ஒன்று வரவே இல்லை, ஒன்பதாம் கட்டிலை அனுப்பிவிட்டு விஷயத்தை முடியுங்கள், உங்கள் கைக்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு ஆள் வருகிறது, ஊருக்குத் தெரிந்தால் கட்டடத்தைப் பூட்ட வேண்டியதுதான் என்றார்கள். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நான் கையெழுத்துப் போடாம அந்தப் புள்ளைய யாரும் அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

படிவத்தை எடுத்தார். தொடக்கம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கட்டில் எண் என்ற இடத்தில் கோடு போட்டார்.

"சார், என்ன செய்தீங்க? ஒரு மாசம் லீவு போடுங்க, வீட்ல இருங்க, கையில மருந்து..."

"எந்த மருந்து எஸ்தர்? விதி ஒண்ணுதான. பதினாலு பேரையும் இதே பேனாவாலதான் அனுப்பியிருக்கேன்." எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "அங்க டாக்டரே இல்லைன்னு நீதான் தினமும் என் காதுல ஓதுவ. இப்போ ஒரு ஆளு இருப்பான். உறை ஒரு பெட்டி எடுத்துக் குடு. ரெண்டு பெட்டியாவே குடு."

நான்கு மணிக்கு ஒரு கைப்பையோடு வளாகத்தின் குறுக்கே நடந்து போனார். நான் பின்னால் போனேன். கம்பிக் கதவைத் திறந்த காவலாளி அவரை உள்ளே விடப் பயந்து என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

அன்று மாலை செண்பகவல்லியிடம் நீ எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். அவளை வார்டின் ஓரத்தில் மறைப்பு கட்டிப் படுக்க வைத்தோம். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. வயசு, தெம்பு. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்றும் சொல்லிவிட்டேன், கையைக் கழுவிவிட்டு, கட்டைத் தொடாமல். இரவு வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் தூங்கிவிட்டேன். பத்து மாதத்தில் முதல் தடவை.

மறுநாள் காலை வார்டுக்குள் நுழைகிறேன், முதல் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"சிஸ்டர், என்னையும் ஓரக் கட்டடத்துக்கு மாத்திருங்க."

"எதுக்கு?"

"டாக்டர் அங்கதான இருக்காவ."

ஐந்தாம் கட்டில் அம்மாளுக்கும் அதுதான் வேண்டுமாம். எட்டு, பதினொன்று, இருபது. பதினாலாம் கட்டில்காரர் மூட்டையே கட்டிவிட்டார். நேற்று வரை அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்! ஒவ்வொரு கட்டிலாக நின்று கத்தினேன். செண்பகவல்லிக்கு நோய் வந்ததே அந்தக் கையிலிருந்துதான், திரையில் பார்த்தோம், சோதனை செய்தோம், அவரே ஒப்புக்கொண்டார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பைத்தியத்திடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல மனுஷன உள்ள வச்சுப் பூட்டிட்டு என்ன பேச்சுப் பேசுதா பாரு" என்றாள் ஐந்தாம் கட்டில் அம்மாள், எனக்குக் கேட்கிற மாதிரியே.

மறைப்பை விலக்கிப் பார்த்தேன். செண்பகவல்லி இருந்தாள். பிள்ளை இல்லை. அவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ள எங்க?"

"அவுக தூக்கிட்டுப் போயிருக்காவ."

"எங்க தூக்கிட்டுப் போனான்? கேக்கேன்லா? எங்க?"

"பிள்ளைக்கு வந்துரக் கூடாதுல்லா சிஸ்டரம்மா. ஐயா ஒரு தடவ தொட்டுட்டா..."

மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடியது அன்றுதான். மருந்துக்கடை தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோய், மூச்சிரைக்க ஓரக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் இசக்கிராஜ் நின்றான். பிள்ளையை இரண்டு கையாலும் கம்பிக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்தப் பக்கம் டாக்டர் நல்லசிவன், கையில் உறை மாட்டியிருந்தும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, உறையக் கழத்திட்டு நெத்தியில ஒரே ஒரு தடவ."

"தம்பி, சொன்னாக் கேளு. இந்தக் கையாலதான் ஒன் சம்சாரத்துக்கு வந்துச்சு. நான் சத்தியமாச் சொல்லுதேன்."

"வந்தா என்ன ஐயா? உங்க கையால வந்தது உங்க கையாலதான போவும்!"

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை முன்னால் கொண்டுவரவில்லை. நான் பாய்ந்து போய்ப் பிள்ளையைப் பிடுங்கினேன். அது வீரிட்டு அழுதது. இசக்கிராஜ் என்னை அடிக்கக் கை ஓங்கி, பொம்பளை என்று விட்டுவிட்டான்.

"நீங்கல்லாம் மனுஷியா?" என்றான். "ஒரு பச்சப் பிள்ளைக்குக் கூடவா கெடைக்கக் கூடாது?"

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். எனக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். மூன்று பேர் கையில் குழந்தை இருந்தது.